இளைத்த உடலும் எஞ்சிய தோலும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, மேற்கே கடலும் கிழக்கே முந்தற் களப்பும் எல்லையாக அமைய, இடையிற் கிடக்கும் மணல்மேட்டில் வாழும் ஊர் உடப்பு. இராமநாதபுரக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தோரின் வழியினர் தாம் என்று கூறும் இவ்வூர் மக்கள், தமிழையும் திரௌபதையம்மன் வழிபாட்டையும் ஆடி மாதத்துத் தீமிதிப்பையும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருவோர். கரைவலை இழுப்பது அவர்தம் பழந்தொழில். தோணியிற் சென்று பிறைவடிவில் வளைத்து விட்ட வலையின் இரு கயிற்று நுனிகளையும், கரையில் நின்ற இரு அணியினர் அம்பாப் பாடலின் தாளத்துக்கு ஏற்ப மணிக்கணக்காக இழுத்துக் கரைசேர்ப்பர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் பின்பாட்டுப் பாட, கால்கள் மணலிற் புதைய, உடல் முழுவதும் பின்னோக்கிச் சாய்ந்து உழைக்கும் தொழில் அது.

இத்தகைய உழைப்பு வாழ்ந்த காலத்திலே, உடல் பெருத்துப் போதல் என்பது ஊருக்கு ஒருவரிடமோ இருவரிடமோ காணப்பட்ட செய்தி. பூசினாற்போல இருந்த உடல் செல்வத்தின் அடையாளமாகவும், மெலிந்த உடல் வறுமையின் அல்லது நோயின் அடையாளமாகவும் எண்ணப்பட்டன. இன்று இலங்கைக் கரைகளிற் பல இடங்களில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலி வலையை இழுக்கின்றது. வெளியிணைப்பு இயந்திரம் துடுப்பின் வேலையைச் செய்கின்றது. கடைத் தெருவிலே பாணும் பணிசும் கொத்துரொட்டியும் இனிப்புப் பானமும் காலை முதல் இரவு வரை கிடைக்கின்றன. உழைப்புக் குறைந்தது, உணவோ குறையவில்லை.

இதன் விளைவை எண்கள் எடுத்துரைக்கின்றன. 2005-2006 ஆம் ஆண்டுகளில் வடமேல் மாகாணம் உட்பட ஏழு மாகாணங்களில் நடத்தப்பெற்ற இலங்கை நீரிழிவு, இருதய நோய் ஆய்விலே, ஆசியருக்குரிய அளவுகோலின்படி வயது வந்தோருள் 25.2 சதவீதத்தினர் மிகைநிறை உடையோராகவும், 9.2 சதவீதத்தினர் உடற்பருமன் உடையோராகவும் காணப்பட்டனர். இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே, மேல்நாட்டாருக்கு மாத்திரம் உரியதென்று ஒருகாலத்திற் கருதப்பட்ட உடற்பருமன் சிகிச்சையின் வரலாறு, இன்று உடப்பிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகிவிட்டது. அவ்வரலாற்றின் முதற்பகுதியைப் பலர் அறிவர். இரைப்பையைச் சுருக்கினால் உடல் மெலியும் என்பது இப்போது ஊரறிந்த செய்தி. மெலிந்த பின்னர் நிகழ்வது யாது என்பதே பலரும் கேளாத இரண்டாம் பகுதி. அதுவே முதன்மையாக ஆராயத்தக்கது.

மிகைப் பருமன் ஒரு நோய் என்ற அறிவு புதியதன்று. இகழத்தக்க எண்வகை உடல்களைக் கூறும் சரக சங்கிதை, அளவு கடந்து பருத்த உடலையும் அவற்றுள் ஒன்றாக வைத்து, அதனால் ஆயுள் குறைதல், விரைந்து இயங்க இயலாமை, மிகுந்த வியர்வை, பசி, தாகம் முதலிய குற்றங்களை எண்ணிக் கூறுகின்றது. திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியதாகவே அமைந்திருப்பது எல்லோரும் அறிந்ததே. கத்தியால் கொழுப்பை அகற்றும் எண்ணமும் பழைமையானதே. ரோமாபுரியின் பிளினி என்னும் பேரறிஞர், உயர்குடி இளைஞர் ஒருவரின் கொழுப்பு அறுத்தெடுக்கப்பட்ட செய்தியைக் குறித்து வைத்தார். யூதரின் தல்மூத் நூலிலும், ஒருவரின் வயிற்றைத் திறந்து கூடை கூடையாகக் கொழுப்பை எடுத்ததாக ஒரு கதை உண்டு. அவை மெய்யோ புனைவோ, மனிதனின் ஆசையை அவை காட்டுகின்றன.

பத்தாம் நூற்றாண்டிலே ஸ்பெயின் தேசத்து லியோன் நாட்டை ஆண்ட சாஞ்சோ என்னும் அரசன், குதிரையேற இயலாத அளவு பருத்திருந்தமையால் அரியணையை இழந்தான். கொர்தோவா நகரத்து யூத வைத்தியரான ஹஸ்தாய் இப்னு சப்ரூத் என்பவர் அவனை உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து மெலியச் செய்தார். மெலிந்த அரசன் 960 ஆம் ஆண்டளவில் இழந்த நாட்டை மீண்டும் பெற்றான். உடல் நிறையைக் குறைப்பதற்கு ஒரு நாடே பரிசாகக் கிடைத்த நிகழ்ச்சி வரலாற்றில் இது ஒன்றாகவே இருத்தல் கூடும்.

உருவத்தைத் திருத்தும் சத்திரசிகிச்சையின் வரலாற்றிலே பாரத நாட்டுக்குப் பெருமைமிக்க இடம் உண்டு. அறுபட்ட மூக்கைத் தோல்கொண்டு மீள அமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கின்றது. திப்பு சுல்தானோடு ஆங்கிலேயர் நடத்திய 1792 ஆம் ஆண்டுப் போரிலே, ஆங்கிலப் படையின் மாட்டுவண்டிக்காரரான கோவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். பூனாவிலே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், கோவாஸ்ஜியின் நெற்றித் தோலைத் திருப்பி இறக்கிப் புதிய மூக்கை அமைத்தார். 1794 ஆம் ஆண்டிலே இலண்டன் நகரத்துச் 'ஜென்டில்மன்ஸ் மகஸின்' என்னும் பத்திரிகையில் இச்செய்தி படத்துடன் வெளிவந்தது. அதனைப் படித்த கார்ப்பியூ என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர் இருபது ஆண்டுகள் காத்திருந்து, 1814 ஆம் ஆண்டில் அம்முறையை இங்கிலாந்திற் செய்து காட்டினார். தோலும் அதனடியில் ஓடும் இரத்தக் குழாய்களும் ஒன்றையொன்று பிரியாதிருந்தால் தோல் உயிர்வாழும் என்ற இந்த அறிவே, பிற்காலத்து உருவமைப்புச் சத்திரசிகிச்சை அனைத்துக்கும் அத்திவாரமாயிற்று. முதலாம் உலகப் போரிலே முகம் சிதைந்த வீரருக்கு ஹரோல்ட் கில்லிஸ் என்பவர் ஆற்றிய பணியும் அந்த அத்திவாரத்தின்மேல் எழுந்ததே.

வயிற்றின் மிகைத்தோலை அகற்றும் சிகிச்சை, மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்த பின்னரே இயலுவதாயிற்று. 1890 ஆம் ஆண்டிலே பிரான்சிலே டெமார்ஸ், மார்க்ஸ் என்னும் இருவர் அத்தகைய சிகிச்சையொன்றை அறிவித்தனர். 1899 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹவார்ட் கெல்லி, ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோகிராம் நிறையுள்ள தோலையும் கொழுப்பையும் ஒரே துண்டாக அறுத்தெடுத்தார். அப்பெண் நடப்பது எளிதாயிற்று. ஆயினும் அவர் பருத்ததற்கான காரணத்தைக் கத்தி தொடவில்லை. பானை நிரம்பி வழியும்போது வழிந்ததைத் துடைத்தது போன்றதே அச்சிகிச்சை. குழாய் திறந்தபடியே இருந்தது.

இந்த வேறுபாட்டை உணராமற் செய்த துணிச்சல்கள் துன்பத்தில் முடிந்ததும் உண்டு. 1920களிலே பாரிஸ் நகரத்தில் டுஜாரியே என்னும் சத்திரவைத்தியர், ஒரு நாட்டியப் பெண்ணின் கால்களை மெல்லியதாக்க முயன்று கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். இரத்தக் குழாய்கள் சேதமுற்றன. கால் அழுகிப் போனமையால் அதனை வெட்டி அகற்ற நேர்ந்தது. அதன் பின்னர் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் கொழுப்பை அகற்றும் வழியிற் பலரும் காலெடுத்து வைக்க அஞ்சினர். 1970களின் நடுப்பகுதியில் ரோமாபுரியைச் சேர்ந்த பிஷர் என்னும் தந்தையும் மகனும், 1977 இல் பாரிஸ் நகரத்து இலூஸ் என்பவரும், சிறு துவாரத்தின் வழியே குழல் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சும் முறையைக் கண்டனர். இலூஸ் பயன்படுத்திய குழலின் நுனி மழுங்கியது. அதனால் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அறுபடாமற் காக்கப்பட்டன. ஆயினும் இம்முறை உடலின் ஓரிடத்துத் திரட்சியைக் குறைப்பதேயன்றி, உடற்பருமன் நோய்க்கு மருந்தன்று.

காரணத்தைத் தொடும் சிகிச்சை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1954 ஆம் ஆண்டிலே மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கிரெமன், லின்னர், நெல்சன் என்போர், சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டால் உடல் கொழுப்பை உறிஞ்சுவது குறையும் என்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். இம்முறையிற் சிகிச்சை பெற்றோர் விரைவில் மெலிந்தனர். ஆனால் ஓயாத வயிற்றோட்டமும், சிறுநீரகக் கற்களும், சிலருக்கு ஈரல் செயலிழப்பும் உண்டாயின. எனவே 1980களில் அம்முறை கைவிடப்பட்டது. மெலிவது ஒன்றே நோக்கமாயின், நலம் அதற்கு விலையாகிவிடும் என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட முதற் பாடம் இதுவே.

1966 ஆம் ஆண்டிலே ஐயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் என்பவர், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கப்பெற்றோர் பின்னர் பருப்பதில்லை என்பதைக் கண்டு, சிகாஷி இட்டோ என்பவருடன் சேர்ந்து இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையை வகுத்தார். இரைப்பையின் மேற்பகுதியிற் சிறு பையொன்றை அமைத்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைப்பதே அதன் சாரம். 1990களில் வயிற்றைப் பெரிதாகத் திறவாது சிறு துவாரங்களின் வழியே இதனைச் செய்யும் வழி பிறந்தது. இரைப்பையின் வெளிவளைவோடு அதன் ஏறக்குறைய முக்காற் பங்கை நீக்கி, எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற குழாயாக விடும் முறை, முதலில் ஒரு பெரிய சிகிச்சையின் முதற்கட்டமாகவே செய்யப்பட்டது. அது தனித்தே நற்பயன் தந்தமையால், 2010களில் உலகில் மிகுதியாகச் செய்யப்படும் முறையாயிற்று. இலங்கையிலும் கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலைகளிலும் அரசாங்கப் போதனா வைத்தியசாலையிலும் இச்சிகிச்சைகள் நடைபெறுகின்றன.

யாருக்கு இது உரியது என்பதற்கு அளவுகோல் உண்டு. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டெண். பெல்ஜிய நாட்டுக் கெத்தலே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்ட கணக்கு இது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1991 ஆம் ஆண்டிலே, சுட்டெண் 40 ஐத் தாண்டியோருக்கும், 35 ஐத் தாண்டி நீரிழிவு போன்ற நோய்களும் உடையோருக்கும் இச்சிகிச்சை பொருந்தும் என்றது. ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், 2004 ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23, 27.5 என்னும் குறைந்த எல்லைகளை ஆசியருக்குக் குறித்துக் காட்டியது. 2022 ஆம் ஆண்டிலே சர்வதேசச் சத்திரவைத்தியர் சங்கங்கள் பழைய எல்லைகளைத் தளர்த்தி, ஆசியருக்கு 27.5 முதலாகவே இச்சிகிச்சையை எடுத்துரைக்கலாம் என்றன. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 70 கிலோகிராம் ஆகும். எல்லை தாழ்ந்தது என்பதால் எல்லோரும் கத்தியை நாட வேண்டும் என்பது பொருளன்று. உணவும் பயிற்சியும் மருந்தும் பயன் தராதபோதே அதன் முறை வரும்.

பயன் உண்மையானது என்பதிலே ஐயமில்லை. சுவீடன் நாட்டிலே 1987 இல் தொடங்கிய பேராய்வு, சத்திரசிகிச்சை பெற்ற ஏறக்குறைய 2,000 பேரையும், பெறாத அதேயளவு பேரையும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2007 ஆம் ஆண்டில் அவ்வாய்வு அறிவித்தது. அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் மறைக்காது கூறியது. இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தம் நிறையில் 32 சதவீதத்தை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாகக் குறைந்தது. இரைப்பைக்குப் பட்டி கட்டப்பெற்றோரிடம் 20 சதவீதமாக இருந்த இழப்பு 14 சதவீதமாயிற்று. அஃதாவது, இழந்ததில் ஒரு பங்கு திரும்பி வந்தது.

ஏன் திரும்புகின்றது? மனவலிமை இல்லை என்று ஊர் பழிக்கும். அறிவியல் அவ்வாறு கூறவில்லை. 1944-45 ஆம் ஆண்டுகளில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் மினசோட்டாவிலே 36 இளைஞரை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்களின் உடல் எரிக்கும் சக்தி குறைந்ததையும், உணவு பற்றிய எண்ணமே உள்ளத்தை ஆட்கொண்டதையும் கண்டார். 1995 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கிலே லைபல், ஹிர்ஷ் முதலியோர், நிறையில் பத்திலொரு பங்கை இழந்தவரின் உடல், அந்நிறைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவிலும் குறைவாகவே சக்தியைச் செலவிடுகின்றது என்று அளந்து காட்டினர். கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்ரின் 1994 இலும், இரைப்பையிலிருந்து பசியைத் தூண்டும் கிரெலின் 1999 இலும் கண்டறியப்பட்டன. உடல், பஞ்சம் வந்ததென்று எண்ணித் தன் சேமிப்பைக் காக்கின்றது. வறட்சியும் பஞ்சமும் கண்ட முன்னோரை வாழ்வித்த அதே காவல், மிகையுண்ணும் காலத்திலே பகையாகின்றது. புதிய மருந்துகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. செமகுளூரைட் என்னும் ஊசிமருந்தை நிறுத்தியவர்கள், இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் மீளப் பெற்றனர் என்று 2022 ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது.

ஆகவே நிறையைக் காப்பது, நிறையைக் குறைப்பதிலும் நெடிய தொழில். 1994 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் றீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகியோர், 13.6 கிலோகிராமுக்குக் குறையாத நிறையை இழந்து ஓராண்டேனும் காத்தவரின் பதிவேடொன்றைத் தொடங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மணிநேரம் உடற்பயிற்சி செய்வோர், காலையுணவைத் தவிர்க்காதோர், அடிக்கடி தம்மை நிறுத்துப் பார்ப்போர். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சத்திரசிகிச்சை பெற்றவருக்கோ இவற்றுடன் வேறு கடமைகளும் உண்டு. சிறிய பையான இரைப்பை புரதத்தை முதலிற் பெறவேண்டும். நாளொன்றுக்கு 60 கிராமேனும் வேண்டும் என்பது பொதுவிதி. மீனும் இறாலும் கரைசேரும் உடப்பு போன்ற ஊரிலே அதற்குப் பஞ்சமில்லை. மென்று மெதுவாக உண்ணல், உணவோடு நீர் அருந்தாது இடைவெளியிட்டு அருந்தல், இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி, விற்றமின் பி12 ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொண்டு இரத்தத்தைச் சோதித்தல் ஆகியன தவிர்க்க இயலாதவை.

இவ்விடத்திலே தேநீரின் கதையைச் சொல்லாது விடலாகாது. இரைப்பையைச் சுருக்கினால் சோறு குறையும். இனிப்பு நீருக்கோ அத்தடை பெரிதன்று. அது எளிதாக வழிந்து கீழே இறங்கிவிடும். மூன்று கரண்டிச் சீனியிட்ட தேநீரை நாளொன்றுக்கு ஐந்து முறை அருந்துபவர், ஏறக்குறைய 60 கிராம் சீனியை, அதாவது 240 கலோரியைப் பசியாறாமலே பெறுகின்றார். நாளொன்றுக்கு 2,000 கலோரி பெறும் ஒருவருக்குச் சீனி 50 கிராமைத் தாண்டலாகாது, 25 கிராமுக்குள் அடங்கினால் மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு அறிவுரையின் கணக்கு. இலங்கை அரசாங்கம் 2016 இல் இனிப்புப் பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற அடையாளங்களை விதித்ததும், 2017 இல் அவற்றின் சீனிக்கு வரி விதித்ததும் இக்காரணம் பற்றியே. வீட்டுத் தேநீர்க் கோப்பைக்கு நிற அடையாளம் இடுவோர் இல்லை. அங்கே காவல் உண்பவருடையதே.

இனி, எஞ்சிய தோலைப் பற்றிய செய்திக்கு வருவோம். தோல் கொலாஜன், எலாஸ்ரின் என்னும் நார்களால் ஆனது. ஆண்டுக்கணக்காக விரிந்திருந்த நார்கள், நாற்பது ஐம்பது கிலோகிராம் கொழுப்பு ஓராண்டிலே கரைந்தபோது அதே வேகத்திற் சுருங்குவதில்லை. வயிற்றின் தோல் முன்றானைபோல் தொங்கும். மேற்கையிலும் தொடையிலும் மார்பிலும் மடிப்புகள் விழும். மடிப்புக்குள் வியர்வை தேங்கி, பூஞ்சணம் பற்றிப் புண்ணாகும். ஈரமும் வெப்பமும் நிறைந்த கரையோர ஊர்களில் இத்தொல்லை பெரிது. நடக்கும்போதும் குனியும்போதும் தோல் இடறும். உடற்பயிற்சியே நிறைக்குக் காவல் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு, அப்பயிற்சியைத் தடுப்பதாகவே எஞ்சிய தோல் அமைந்துவிடுகின்றது. அதனோடு ஊரவர் கேட்கும் கேள்வியும் சேர்கின்றது: "என்ன வருத்தம் வந்தது, இப்படி வாடிப் போனீர்?" பருத்திருந்தபோது பட்ட நாணம், மெலிந்த பின்னும் வேறோர் உருவில் தொடர்கின்றது.

இதற்குப் பரிகாரம் தேடிய வரலாறும் உண்டு. 1957 ஆம் ஆண்டிலே வேர்னன் என்பவர், வயிற்றுத் தோலை அகற்றும்போது தொப்புளைப் புதிய இடத்திற் பொருத்தும் முறையை விளக்கினார். பிரேசில் நாட்டின் இவோ பிட்டாங்கி, 1967 ஆம் ஆண்டிலே முந்நூறு வயிற்றுச் சிகிச்சைகளின் அனுபவத்தை வெளியிட்டார். 1961 ஆம் ஆண்டு நித்தெரோய் நகரத்துச் சர்க்கஸ் தீவிபத்தில் வெந்தவரைக் காத்த அவர், ரியோ நகரத்துத் தரும வைத்தியசாலையிலே ஏழைகளுக்கும் உருவமைப்புச் சிகிச்சை கிடைக்கச் செய்தார். 1990களிலே ரெட் லொக்வூட், தோலுக்கடியிலுள்ள வலிய சவ்வை இழுத்துத் தைத்தால் உடலின் கீழ்ப்பகுதி முழுவதையும் உயர்த்தலாம் என்று காட்டினார். இரைப்பைச் சிகிச்சை பரவிய பின்னர், 2000களில் பிற்ஸ்பேர்க் நகரத்திலே, மெலிந்தோரின் தோல் குறைகளைத் தரம்பிரித்து அளக்கும் முறையும் வகுக்கப்பட்டது. இவ்வாறு ஒன்றையொன்று அறியாது வளர்ந்த இரு சத்திரசிகிச்சைகள் ஒரு நோயாளியின் உடலிலே வந்து சந்தித்தன.

அவை சந்திக்கும் ஒழுங்கு முக்கியமானது. கெல்லியின் காலத்திலே தோல் முதலில் அகற்றப்பட்டது, காரணம் எஞ்சியது. இன்றைய ஒழுங்கு அதற்கு நேர்மாறானது. இரைப்பைச் சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருந்து, நிறை சில மாதங்களேனும் ஏறாமலும் இறங்காமலும் நிற்கின்றதா என்று பார்த்து, இரத்தத்தில் இரும்பும் புரதமும் போதியவையா என்று சோதித்து, புகைபிடித்தலை முற்றாக நிறுத்தச் செய்த பின்னரே தோலைத் தொடுவர். நிறை இறங்கும் போதே அறுத்தால் தோல் மீண்டும் தளரும். ஏறும் போது அறுத்தால் தழும்பு விரியும். சத்துக் குறைந்த உடலில் காயம் ஆறாது. ஆறினாலும் நீண்ட தழும்பு வாழ்நாள் முழுவதும் நிற்கும். காயம் பிரிதல், நீர் சேர்தல், கிருமித் தொற்று, காலின் இரத்தக் குழாயிற் கட்டி ஏற்படுதல் ஆகிய அபாயங்கள் உண்டு. இவற்றை மறைத்து அழகை மட்டும் காட்டும் விளம்பரங்கள் நோயாளிக்கு நன்மை செய்வன அல்ல.

மிகைத்தோலை அகற்றப்பெற்றோர் தம் நிறையை மற்றவரினும் நன்கு காத்தனர் என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. நடக்க எளிதானமையால் அவ்வாறாயிற்றா, அல்லது நிறையைக் காக்கவல்லோரே அச்சிகிச்சையைத் தேர்ந்தனரா என்பது இன்னும் தீராத வினா. ஆயினும் புண்ணும் இடறலும் நீங்குகின்றன என்பதில் வினாவே இல்லை. இருந்தும், பல நாடுகளில் இரைப்பைச் சிகிச்சை நோய்ச் சிகிச்சையாகவும், தோற் சிகிச்சை ஆடம்பரமாகவும் கருதப்படுகின்றன. பிரித்தானியாவிலே பொதுச் சுகாதாரச் சேவையின் உதவி பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுகின்றது. அமெரிக்காவிலே ஆறாத புண் உண்டென்று சான்று காட்டினாலன்றிக் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. ஆற்றைக் கடக்கப் படகு கொடுத்தவர், மறுகரைக்கு ஒரு முழம் இருக்கையிலே இறங்கி நீந்தச் சொல்வது போன்றது இது.

உடப்பிலிருந்து கொழும்பு ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். சத்திரசிகிச்சைக்கு ஒரு முறை செல்வது கடினமன்று. அதன்பின் ஆண்டுதோறும் இரத்தச் சோதனைக்கும், உணவு ஆலோசனைக்கும், தோற் பரிசோதனைக்கும் செல்வதே கடினம். ஒரு நாட் பயணம் ஒரு நாட் கூலியைத் தின்றுவிடும். நிறை திரும்புவது மனத்தளர்ச்சியால் மட்டுமன்று, தொடர்பு அறுந்து போவதாலும் ஆகும். ஆகவே இச்சிகிச்சையின் இரண்டாம் பகுதி, பெருநகரத்துச் சத்திரசிகிச்சைக் கூடத்திலே அன்றி, சிலாபத்திலும் புத்தளத்திலும் உள்ள வைத்தியசாலைகளிலும், 2011 ஆம் ஆண்டு முதல் நாட்டில் அமைக்கப்பட்டு வரும் சுகவாழ்வு நிலையங்களிலும் நடைபெற வேண்டும். நிறைகாட்டியும், இரத்தச் சோதனையும், தாய்மொழியில் அறிவுரை கூறும் ஒரு தாதியும் போதுமானவை. அவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. விரதம் பூண்டு தீமிதிக்கும் மரபுள்ள ஊரிலே, இரைப்பைச் சிகிச்சை பெற்றவர் நீண்ட உபவாசத்துக்கு முன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது போன்ற அறிவுரையை, அவ்வூரின் வழக்கம் அறிந்தவரே தக்கவாறு கூறவல்லவர்.

கெல்லியின் கத்தி தோலை நீக்கியது. மேசனின் கத்தி இரைப்பையைச் சுருக்கியது. பழக்கத்தை மாற்றும் கத்தி இன்னும் அடிக்கப்படவில்லை. அவ்வேலையை நாள்தோறும் செய்வோர் நோயாளியும், அவர் வீட்டில் உலை வைப்போரும், அவரை வழியிற் கண்டு நலம் விசாரிப்போருமே. கரைவலையின் ஒரு கயிற்றை மட்டும் இழுத்தால் வலை கரைசேராது, கோணும். இரு அணியினரும் ஒரே தாளத்தில் இழுத்தாலே மீன் கரைக்கு வரும். மெலிந்தவரின் நலமும் அத்தகையதே. வைத்தியம் ஒரு கயிறு, ஊரின் ஆதரவு மற்றொன்று.